கேமரா படிக்கக் கப்பலேறினார்... எழுத்தோடு திரும்பினார்! - 'விஸ்காம்' மாணவர்களுக்கு ஏ.கே.செட்டியாரின் கதை

காலை நேரத்தில் கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் நின்றால், பையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். சாப்பாட்டுப் பையோடு நிற்பவர்கள் அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். முதுகுப் பையோடு, போனைக் குனிந்து பார்த்தபடி நிற்கும் கூட்டம் கல்லூரிக்குப் போகிறது. அரக்கோணம் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறினால் சென்னை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கழுத்து நிமிராது.

அந்தக் கூட்டத்தில் "என்ன படிக்கிறே?" என்று கேட்டால், "விஸ்காம்", "ஜர்னலிசம்" என்று பதில் சொல்லும் பிள்ளைகளும் இப்போது உண்டு. வீட்டில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "படிச்சு முடிச்சா என்ன வேலை? டிவியில வருவியா?"

கேள்வியில் தப்பில்லை. பதில்தான் முன்பு போல சுலபமாக இல்லை. படம் எடுக்க, வெட்டி ஒட்ட, பாட்டுப் போட, மேலே நாலு வரி எழுதி ஏற்றிவிட பிளஸ் டூ படிக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் மூன்று வருடம் கல்லூரிக்குப் போய் ஒரு மாணவர் புதிதாக என்னதான் கற்றுக்கொள்கிறார்? முதல் செமஸ்டரில் எழுதியதற்கும் கடைசி செமஸ்டரில் எழுதியதற்கும் என்ன வித்தியாசம் இருக்க வேண்டும்?

இதற்குப் பதில் தேடினால், கிட்டத்தட்ட 90 ஆண்டுகளுக்கு முன்பு கேமரா படிப்பதற்காகக் கப்பலேறிய ஒரு தமிழ் மாணவரிடம் போய் நிற்கிறோம். அவர் பெயர் கருப்பன் செட்டியார். தமிழ் படிக்கிறவர்களுக்கு ஏ.கே.செட்டியார் என்றால் தெரியும்.

அலுவலகமே கல்லூரி

செட்டியாரின் காலத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பத்திரிகை வேலையைக் கல்லூரியில் படிக்கலாம் என்ற எண்ணமே அப்போது நம் ஊரில் அரிது. பத்திரிகை அலுவலகம்தான் கல்லூரி.

பாரதியார் 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ் ஆசிரியராக இருந்துவிட்டு, அதே ஆண்டு சென்னைக்கு வந்து 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஜி.சுப்பிரமணிய ஐயரிடம் அவருக்குக் கிடைத்த முக்கிய வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தினமும் தமிழாக்க வேண்டும். கவிஞருக்கு அது சலிப்பான வேலையாக இருந்திருக்கலாம். ஆனால், உலக நடப்பைச் சாதாரணத் தமிழில் சொல்லும் பழக்கம் அந்த மேஜையில்தான் அவருக்குக் கைவந்தது. கல்கியும் அப்படித்தான். திரு.வி.க-வின் 'நவசக்தி'யில் இருந்து பழகியவர்.

முயற்சிகளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அன்னி பெசன்ட் 1920-ல் அடையாறில் தன் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பைத் தொடங்கினார். மாணவர்களுக்குப் பயிற்சி, அவரே நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழ் அலுவலகத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு வந்தது 1947-ல். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தவர் செட்டியார்.

1911-ல் பிறந்தவர். சொந்த ஊர் செட்டிநாட்டுக் கோட்டையூர். இளம் வயதிலேயே கதை எழுதிப் பார்த்தார். பிறகு ரங்கூன் போனார். பர்மாவில் தமிழர்கள் நிறைந்திருந்த காலம் அது. அங்கே வெளிவந்த 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் நாற்காலி! இன்றைய கணக்கில் அது ஒரு வாழ்க்கை நிலைபெற்றுவிட்டதற்கு அடையாளம். அவரோ அந்த நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடியும் மாணவராகப் போனார்.

முதலில் டோக்கியோ, பிறகு நியூயார்க்

1930-களின் நடுவில் அவர் ஜப்பானுக்குப் போய், டோக்கியோவில் உள்ள இம்பீரியல் புகைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு அமெரிக்கா. 1937-ல் நியூயார்க் போட்டோகிராபிக் இன்ஸ்டிடியூட்டில் ஓராண்டுப் பயிற்சி.

அந்தக் காலத்துப் புகைப்படக் கல்வி என்றால் என்ன என்பதை இன்றைய மாணவர் கற்பனை செய்து பார்க்க வேண்டும். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. பிலிமைக் கழுவி, காயவைத்து, பிரிண்ட் போட்ட பிறகுதான் படம் சரியாக வந்திருக்கிறதா என்பது தெரியும். பிலிம் காசு. ரசாயனம் காசு. அதனால், பொத்தானை அழுத்துவதற்கு முன்பே 'இது தேவையா?' என்ற கேள்வி வந்துவிடும். இன்று ஒரு கல்யாண வீட்டில் நாம் எடுக்கும் 400 படங்களில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட வருவதில்லை.

செட்டியார் கேமரா படிக்கப் போனாரே தவிர, பேனாவை ஊரில் வைத்துவிட்டுப் போகவில்லை. ஜப்பானைப் பற்றியும் போகும் வழியில் பார்த்த மனிதர்களைப் பற்றியும் தமிழில் எழுதினார். அவருடைய மாற்றம் தெரிவது இங்கேதான். கதை எழுதத் தொடங்கிய இளைஞர், கண்ணால் பார்த்ததை எழுதும் கட்டுரையாளராக ஆகிறார். கதைக்குக் கற்பனை போதும். கட்டுரைக்கு ஊரின் பெயர் வேண்டும், டிக்கெட் விலை வேண்டும், எதிரில் இருந்தவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது வேண்டும்.

கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் படத்தில் இருக்க மாட்டார். செட்டியாரின் பயணக் கட்டுரைகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஊர் இருக்கும், உணவு இருக்கும், வழிகாட்டியின் குறும்பு இருக்கும், அங்கே கூலி வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட தமிழரின் ஏக்கம் இருக்கும். எழுதியவர் மட்டும் ஓரமாக நிற்பார். வாக்கியங்கள் சின்னச் சின்னவை. அலங்காரம் குறைவு. சிரிப்பு வரும் இடத்தில்கூட அவர் சிரிக்க மாட்டார், நாம்தான் சிரிப்போம். புகைப்படப் படிப்புதான் இந்த நடையைத் தந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், இரண்டும் ஒரே வயதில், ஒரே பயணத்தில் வளர்ந்தன.

அந்தக் கட்டுரைகள் அவருக்கு வாங்கித் தந்த பட்டம் 'உலகம் சுற்றும் தமிழன்'. அவர் நூல் ஒன்றின் தலைப்பும் அதுதான். எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-ல் வந்தது. இந்தத் தமிழன் அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் சீனியர்!

நடுக்கடலில் வந்த யோசனை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த 'சமேரியா' கப்பலில் செட்டியார் இருந்தார். அன்று காந்தி பிறந்த நாள். காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு வந்தது.

அப்போது அவருக்கு 26 வயதுகூட முடியவில்லை. படிப்பு முடித்த கையோடு இருக்கும் இளைஞர். காந்தியோ உயிரோடு, அரசியலின் நடுவில் இருக்கிறார். நாடு வெள்ளைக்காரர் ஆட்சியில் இருக்கிறது. ஆவணப்படம் என்ற சொல்லே தமிழ்நாட்டில் பலருக்குப் புதிது.

இன்று ஒரு மாணவர் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இப்படி ஒரு தலைப்பைக் கொண்டுபோனால், "கொஞ்சம் சின்னதா யோசிப்பா" என்று பேராசிரியர் சொல்லக்கூடும்.

செட்டியார் புதிதாக எடுப்பதைவிட, ஏற்கெனவே எடுக்கப்பட்டதைத் தேடுவதில் இறங்கினார். காந்தியை அதற்கு முன்பே உலகெங்கும் பலர் படம் பிடித்திருந்தார்கள். ஆனால், அவை சிதறிக்கிடந்தன. எங்கே எந்தச் செய்திப்படக் கம்பெனியின் கிடங்கில் எந்தச் சுருள் இருக்கிறது என்பதற்குப் பட்டியல் கிடையாது. இமெயில் கிடையாது. கடிதம் போட்டால் பதில் வர வாரங்கள் ஆகும். நேரில் போய்க் கதவைத் தட்டுவதுதான் ஒரே வழி.

தட்டினார். இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று இரண்டரை ஆண்டுகள் அலைந்தார். மொத்தம் ஒரு லட்சம் மைல். 30 ஆண்டுகளில் சுமார் 100 கேமராக்காரர்கள் எடுத்த படச்சுருள்கள், 50,000 அடி அவர் கைக்கு வந்து சேர்ந்தன. பணத்துக்காக 'டாக்குமென்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனியும் தொடங்கப்பட்டது.

50,000 அடி என்பது எவ்வளவு? 35 மி.மீ. பிலிம் இன்றைய வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படிப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதிலிருந்து அவர் கடைசியில் வைத்துக்கொண்டது 12,000 அடி. சுமார் இரண்டே கால் மணி நேரம். ஒரு லட்சம் மைல் அலைந்து தேடிச் சேர்த்ததில் நான்கில் மூன்று பங்கை வெளியே வைத்துவிட்டார்!

எழுத்து வேலையில் பழகியவர்களுக்கு இந்த வலி தெரியும். கஷ்டப்பட்டுச் சேர்த்த தகவல் என்பதற்காகவே அதைக் கட்டுரைக்குள் திணிக்கத் தோன்றும். பயிற்சி மாணவர்களின் முதல் கட்டுரைகள் நீளமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். வெட்டக் கற்றுக்கொள்ளும்போதுதான் மாணவர் எழுத்தாளராகத் தொடங்குகிறார்.

வெட்டுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றும் அதில் இருந்தது. 100 பேர் எடுத்த சுருள்களை வரிசைப்படுத்த வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் பார்த்து, இது எந்த ஊர், எந்த ஆண்டு, காந்திக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், எடுத்தவர் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும். இதில் ஒன்று தப்பினால் வரலாறு தப்பிவிடும்.

1940 ஆகஸ்ட் 23-ம் தேதி 'மகாத்மா காந்தி' ஆவணப்படம் சென்னையில் திரைக்கு வந்தது. தமிழில் எடுத்த படம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். செட்டியாருக்கு வயது 28. தெலுங்கிலும் பிறகு இந்தியிலும் அது வந்தது, 1950-களில் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் உருவானது.

அந்தத் தேடலின் கதையைப் பல ஆண்டுகள் கழித்து, தான் நடத்திய 'குமரி மலர்' இதழில் அவரே எழுதினார். அந்தக் கட்டுரைகளை வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் நூலாகப் பதிப்பித்தார். தமிழில் வந்த மூலப் படம் கிடைக்கவில்லை. சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் ஒன்று மட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதை அவர்தான் தேடிக் கண்டுபிடித்தார். படத்தைத் தேடி அமெரிக்கா வரை அலைந்தவரின் படத்தையே, இன்னொருவர் அமெரிக்காவில் தேட வேண்டியிருந்தது.

'குமரி மலர்' 1943-ல் தொடங்கியது. 1983-ல் செட்டியார் காலமாகும் வரை அதுதான் அவர் வாழ்க்கை. பழைய இதழ்களில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் மறுபடியும் அச்சிட்டார். தமிழ்நாட்டுப் பயணங்களைப் பற்றிப் பலரும் எழுதிய கட்டுரைகளைத் திரட்டித் தனி நூலாகவே கொண்டுவந்தார். காந்தி படத்துக்குச் சுருள் தேடிய அதே கை, காகிதத்திலும் தேடிக்கொண்டே இருந்தது.

சுருள் அப்போது கிடைக்கவில்லை... இப்போது தேடி வருகிறது!

செட்டியார் ஒரு சுருளுக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போனார். இன்று கடம்பத்தூர் ரயிலில் உட்கார்ந்திருக்கும் மாணவரின் வாட்ஸ்அப்புக்குச் சுருள்கள் தாமாகவே வந்து விழுகின்றன. ஆனால், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்ற கேள்விகள் மட்டும் மாறவில்லை. இவற்றைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை, கும்மிடிப்பூண்டி முதல் ஸ்ரீபெரும்புதூர் வரையிலான இந்தத் தொழிற்சாலைப் பகுதி கடந்த சில ஆண்டுகளில் இரண்டு முறை பார்த்துவிட்டது.

முதலாவது, 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதிகளில் ஒன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பூந்தமல்லி பக்கம் இருந்தது. அந்த விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு உடல்நிலை கெட்டது. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

மருத்துவமனைக்குப் போன தோழி எப்படி இருக்கிறாள் என்ற தகவல் விடுதிக்குச் சரியாக வரவில்லை. அந்த இடைவெளியில் வதந்தி நுழைந்தது. 'சில பேர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள்' என்ற செய்தி போனுக்குப் போன் பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி, பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னபோது அதை நம்ப ஆள் இல்லை. சிகிச்சையில் இருந்த பெண்களை வீடியோ காலில் காட்டிப் பேசவைக்க வேண்டியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் 'வதந்தியை நம்பாதீர்' என்று ஒரு போஸ்டரோடு போயிருக்கும். ஆனால், மரணச் செய்திதான் பொய். விடுதியின் நிலைமை பற்றிய புகார் பொய் இல்லை. நெருக்கடியான அறைகள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறைகள் என்று அந்தப் பெண்கள் சொன்னவற்றைச் சில நாள்களில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக வெளியிட்டது. சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடியிருந்த தொழிற்சாலை 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது.

ஒரு மாணவ நிருபர் அந்த இரவில் அந்தச் சாலையில் நின்றிருந்தால் எதை எழுதியிருப்பார்? 'மரணம்' என்று எழுதினால் பொய். 'வெறும் வதந்தி' என்று எழுதினால் அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை, தரையில் படுத்திருந்த பெண்ணுக்கு எதிராகப் போய் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கண்டுபிடித்து எழுதத் தெரிவதுதான் மூன்று வருடப் படிப்பின் பலன். அதை எந்த ஆப்பும் செய்து தராது.

இரண்டாவது, 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருப்பூரிலோ வேலை செய்யும் பையனுக்கு, ஊரிலிருந்து அம்மா போன் செய்து அழுதால் அவன் என்ன செய்வான்? மூட்டை கட்டுவான். அந்த ஹோலி நேரத்தில் ரயில் நிலையங்களில் திரண்ட கூட்டத்தில் பண்டிகைக்குப் போனவர்களும் இருந்தார்கள், பயந்து போனவர்களும் இருந்தார்கள்.

அப்போது டி.ஜி.பி-யாக இருந்த சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பரவிய இரண்டு வீடியோக்களும் பழையவை. ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டிகளுக்கு நடந்த மோதல். இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து நிலைமையை நேரில் பார்த்தது.

வீடியோவில் இருந்த அடி உண்மை. ரத்தம் உண்மை. மேலே எழுதப்பட்டிருந்த வரிதான் பொய். 'எங்கே, எப்போது, யார்' என்ற மூன்றும் மாற்றி எழுதப்பட்டிருந்தன. கேப்ஷன் எழுதுவது ஜூனியர் வேலை என்று நினைக்கிற மாணவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்த்துப் பதவியை அசைத்த முதலாண்டு மாணவர்

படிக்கிற வயதில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2022-ல் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தவர் தியோ பேக்கர். மாணவர் நாளிதழான 'தி ஸ்டான்ஃபோர்டு டெய்லி'யில் எழுத ஆரம்பித்தார். பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெசியர் லவீன் புகழ்பெற்ற நரம்பியல் விஞ்ஞானி. அவர் பெயர் இடம்பெற்ற சில ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் முன்பே பேசப்பட்டு வந்தது. பேக்கர் அதைக் கையில் எடுத்து, நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. டெசியர் லவீன் தானே மோசடி செய்ததாகக் குழு சொல்லவில்லை. ஆனால், அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரைகளில் குறைகள் இருந்ததையும், அவற்றைத் திருத்த அவர் போதுமான நடவடிக்கை எடுக்காததையும் சுட்டிக்காட்டியது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகலை அறிவித்தார். அதற்கு முன்பே, 18 வயதில், பேக்கருக்கு அமெரிக்காவின் மதிப்புமிக்க ஜார்ஜ் போக் விருது கிடைத்துவிட்டது.

பேக்கரின் அப்பா, அம்மா இருவருமே பெரிய பத்திரிகையாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடம்பத்தூரில் வீட்டுக்கு முதல் பட்டதாரியாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. சந்தேகம் வந்தால் இரவு சாப்பாட்டு நேரத்தில் கேட்க வீட்டில் ஓர் எடிட்டர் இல்லை. அதனால்தான், வீட்டில் கிடைக்காத அந்த எடிட்டரைக் கல்லூரி தர வேண்டியிருக்கிறது. 'இது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? எதிர்த் தரப்பிடம் பேசினாயா?' என்று கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தரும் ஓர் ஆசிரியர், ஸ்டூடியோவில் இருக்கும் விலை உயர்ந்த கேமராவைவிட முக்கியம். கல்லூரி தேர்ந்தெடுக்கும் பெற்றோர்கள் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்ப்பதோடு, மாணவர்கள் எழுதிய கட்டுரைகளையும் வாங்கிப் பார்ப்பது நல்லது.

ஊருக்குள்ளேயே ஒரு லட்சம் மைல்

கப்பலேற வேண்டிய அவசியம் இன்று இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ம் தேதி தொடங்கிய 'அண்ணா எஃப்.எம்' 90.4, இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. இப்போது பல கல்லூரிகளில் வானொலியோ யூடியூப் சேனலோ இருக்கிறது. வெளியிட இடம் உண்டு. எழுத விஷயம் எங்கே என்றால், ரயிலை விட்டு இறங்கினால் போதும்.

கடம்பத்தூர் ஓர் ஊராட்சி ஒன்றியம். அதன் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். வாக்காளர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். சென்னைக்குப் போய் 'செய்தி சேகரிப்பு' என்று பரீட்சை எழுதும் மாணவர், சொந்த ஊர் கிராம சபையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து பார்த்தால், பாடப் புத்தகத்தில் இல்லாத பலதும் பிடிபடும். யார் பேசுகிறார்கள், யார் கடைசி வரை பேசவே இல்லை, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, எந்தத் தீர்மானம் வாசிக்கப்படாமலே கையெழுத்துக்குப் போனது...

முதல் முறை எழுதும்போது, 'கூட்டம் சிறப்பாக நடைபெற்றது' என்றுதான் வரும். பரவாயில்லை. போன முறை எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கும் போக வேண்டும். போன தடவை தருவதாகச் சொன்ன தெரு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நாலாவது கூட்டத்தில் எழுதும்போது 'சிறப்பாக' என்ற சொல் தானாகவே காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு தொகையோ, ஒரு தேதியோ, ஒரு பாட்டி சொன்ன வார்த்தையோ வந்து உட்கார்ந்திருக்கும்.

பதில் வராத கேள்விக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம். ஒரு வெள்ளைத் தாளில் கேள்வியை எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. மாணவர் என்பதால் மறுக்கவும் முடியாது. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம்.

செட்டியார் கடிதம் போட்டுவிட்டுக் கப்பல் தபாலுக்குக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் 30 நாள் பெரிதில்லை. ஜூலையில் கேட்டால், செமஸ்டர் பரீட்சைக்கு முன்பே பதில் கையில் இருக்கும். அதுவரை கட்டுரையை அனுப்பாமல் வைத்திருக்கலாம்.